ஆதிரையா, ஆதிராவா?

சென்ற மாதம் உறவில் ஒரு பெயர் சூட்டு விழா. அழைப்பிதழில் 'ஆதிரா' என்று அச்சிட்டு, கீழே 'மின்னல் போன்றவள்' என்று பொருளும் போட்டிருந்தார்கள். குழந்தை பிறந்ததோ திருவாதிரையில். பாட்டி ஒருவர் மட்டும் வாய் நிறைய 'ஆதிரை' என்று கூப்பிட்டார். அவரையும் திருத்திவிட்டார்கள். இந்த ஆண்டில் நான் கேட்கும் மூன்றாவது ஆதிரா இது.

ஆதிரை என்பது விண்மீன். ஓரியன் கூட்டத்தில் சிவப்பாகத் தெரியுமே, அதுதான். சமஸ்கிருதத்தில் ஆர்த்ரா, அதாவது ஈரமானது. கலித்தொகையிலேயே சிவனுக்கு 'ஆதிரையான்' என்று பெயர். சம்பந்தர் மயிலைப் பதிகத்தில் 'ஆர்திரைநாள்' என்பார். ரகர ஒற்று ஒட்டியிருக்கும் அந்த வடிவமும் வழக்கில் இருந்திருக்கிறது.

சரி, ஆதிரா எங்கிருந்து வந்தது? 'அதுதான் மூலச் சொல், ஆதிரை அதன் தமிழாக்கம்' என்று அந்த விழாவிலேயே ஒருவர் அடித்துச் சொன்னார். மூலச் சொல் ஆர்த்ரா, ஆதிரா இல்லை. மலையாளத்தில் 'ஆதிர' என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். அது அவர்கள் மொழிக்கு இயல்பான வடிவம், கடைசி எழுத்து குறில். அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து, ஈற்றை நெடிலாக்கி வாசித்தால் கிடைப்பதுதான் நம் ஆதிரா. வடசொல்லின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும் என்று நன்னூல் சொல்கிறது. சபா சபை ஆனது, மாலா மாலை ஆனது, சீதா சீதை ஆனாள். சித்ரா என்ற விண்மீன் சித்திரை ஆனது. இத்தனை ஒழுங்காக நடந்த ஒன்றை எதற்காகப் பின்னோக்கி இழுக்க வேண்டும்?

அந்த 'மின்னல்' இன்னும் மோசம். சமஸ்கிருதத்தில் 'அதீரா' என்று வேறொரு சொல் இருக்கிறது. நிலைகொள்ளாதவள், மின்னல் என்றெல்லாம் பொருள். அதற்கும் திருவாதிரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதப்படுவதால் பெயர்ப் புத்தகம் தொகுத்தவர்கள் ஒன்றின் பொருளை இன்னொன்றின் தலையில் வைத்துவிட்டார்கள். முதல் எழுத்தைக் குறிலாக்கி 'அதிரா' என்பவர்களும் உண்டு. தமிழில் அதற்கு 'அதிராத' என்று பொருள் வந்துவிடும். பெயரின் பொருளை ஆங்கில எழுத்தில் தேடினால் இப்படித்தான் ஆகும். இப்போது பாதிப் பெயர்கள் அப்படித்தான் வைக்கப்படுகின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இத்தனைக்கும் நம்மிடம் மணிமேகலையின் ஆதிரை இருக்கிறாள். அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள். 'பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக' என்று சொல்லி இட்டவள். ஒரு பெண் குழந்தைக்கு இதைவிட என்ன பொருள் வேண்டும்?

பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆங்கிலத்தில் 'ஆர் ஏ ஐ' என்று முடித்தால் வெளியூரில் 'ராய்' என்று வாசிப்பார்களே என்கிறார்கள். வாசிக்கட்டும், ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போயிற்று. பாதி, நதி என்னும்போது வருகிற அதே மெல்லிய 'தி'தான் இதிலும். முதலில் இரண்டு 'ஏ', நடுவில் 'டி எச்' போட்டால் பெரும்பாலும் சரியாகவே வாசிப்பார்கள். எண் கணிதத்துக்காக இன்னொரு 'எச்', இன்னொரு 'ஏ' சேர்க்காமல் இருந்தால் போதும்.

அப்புறம், அந்தக் குழந்தையின் பிறப்பை இன்னும் பெயரில்லாமல்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.