குடுமிக்குக் கீழே ஓர் ஓட்டை

போன மழைக்காலத்தில் வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே கறுப்பு உடம்பு, வெள்ளைக் குடுமி. நம் பக்கம் 'பாலிஷ் கேப்' என்பார்களே, அந்தக் கோழி. கழுத்து முறுக்கிக்கொண்டு வட்டமடித்தது. "வெள்ளைக்கழிச்சல்னு சொல்றாங்க டாக்டர், பக்கத்து வீட்டு அண்ணன் அறுத்துடச் சொல்லிட்டாரு" என்றான்.

வெள்ளைக்கழிச்சல் கோழிக்குக் கோழி பரவும் கொள்ளை நோய். ஆனால் இதற்கு எச்சம் சரியாக இருந்தது. மூச்சில் சத்தமில்லை. மாடியில் கூட வளரும் ஆறு கோழிக்கும் ஒன்றுமில்லை. ஈரப் பஞ்சால் குடுமியை நனைத்து வகிடு எடுத்தேன். நடுவில் புளியங்கொட்டை அளவுக்குக் காய்ந்த ரத்தம். அந்த ஆறில் ஒன்று நாட்டுச் சேவலாம். சரி, கொத்து வாங்கியிருக்கிறது.

இந்த இனத்தில் குடுமி முளைக்கும் இடத்தில் மண்டையோடு குமிழ் மாதிரி புடைத்திருக்கும். பல கோழிகளுக்கு அந்தக் குமிழில் எலும்பு முழுதாக மூடுவதில்லை. தோலுக்கு அடியிலேயே மூளை. 1868இலேயே டார்வின் இந்த ஓட்டை மண்டையோடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, நாட்டுக்கோழிக்குச் சும்மா ஒரு கொத்து என்றால் இதற்கு அது தலைக்காயம். குஞ்சு பொரிந்த அன்றே மேடு தெரியும். மற்ற குஞ்சுகளோடு விட்டால் முதலில் அங்கேதான் கொத்தும். தனியாக வையுங்கள்.

கழுத்து திருகினாலே வெள்ளைக்கழிச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். அது வந்தால் பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது. பச்சையாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். தடுப்பு மருந்து மட்டும் தவறக் கூடாது: முதல் வாரம் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. வைட்டமின் ஈ, பி1 குறைந்தாலும் கழுத்து திருகும். பஞ்சு மாதிரி இறகுள்ள சில்கி கோழி வளர்ப்பவர்களும் இதைக் கவனிக்கணும். அதற்கும் மண்டையில் இதே மேடு உண்டு.

அப்புறம் செள்ளும் பேனும். கோழி தன் தலையைத் தானே கோத முடியாது, அதனால் குடுமிதான் அவற்றுக்குப் பத்திரமான இடம். இறகின் அடியில் சர்க்கரை ஒட்டியதுபோல் வெள்ளையாகத் தெரிவது பேன் முட்டை. மருந்து போட்டு ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி போடாவிட்டால் பொரிந்து வந்துவிடும். மண்ணெண்ணெய் தடவுகிற வைத்தியம் வேண்டவே வேண்டாம், கண் போய்விடும். அகலத் தட்டில் தண்ணீர் வைத்தால் குடுமி நாள் முழுக்க நனைந்து கண்ணில் சீழ் பிடிக்கும். கொத்தினால் சொட்டு விடும் நிப்பிள் குழாய் போதும்.

இனப்பெருக்கத்துக்கு வைப்பவர்கள் கொளத்தூரில் 'ஜோடி' என்று ஒரே கூண்டிலிருந்து வாங்கி வருகிறார்கள். பாதி நேரம் அண்ணன் தங்கைதான். சேவலை வேறு இடத்தில் வாங்குங்கள். சேவலின் குடுமி கூரான இறகாகச் சரிந்து விழும், பெட்டைக்கு உருண்டையாக நிற்கும். பாலிஷ் கேப் அடைக்கு உட்காருவது அபூர்வம். சில்கியின் அடியில் வைத்தால் 21 நாளில் குஞ்சு. இணைசேரும் காலத்தில் கண்ணை மறைக்கும் இறகைக் கத்தரித்துவிடுங்கள். 'அழகு போயிடுமே' என்பார்கள். போட்டிக்கா கொண்டுபோகப் போகிறோம்?

தம்பியின் கோழியை இருட்டான பெட்டியில் வைத்து, கையால் ஊட்டி, வைட்டமின் கொடுத்தோம். மூன்று வாரத்தில் நிமிர்ந்தது. தலை மட்டும் இன்னும் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. குடுமியையும் வெட்டியாயிற்று. முன்பெல்லாம் குரல் கொடுத்தால்தான் வருமாம். இப்போது அவன் படியேறும்போதே ஓடிவருகிறது என்கிறான்.