ஃபைல் அசோசியேஷன்: சங்கமா, பிணைப்பா?

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் காலையிலேயே போன் செய்தார். "ஏனுங் தம்பி, பையர் அனுப்புன ஆர்டர் ஃபைலு ஒண்ணுகூடத் தொறக்க மாட்டேங்குதுங்க. ரெண்டு தட்டுத் தட்டுனா என்னமோ கேள்வி கேக்குது." நான் பழக்க தோஷத்தில், "ஃபைல் அசோசியேஷன் போயிருச்சுங்ணா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அசோசியேஷன்ல என்னுங் பிரச்சினை? சந்தாகூடக் கட்டிட்டனே."

அவர்மேல் தப்பில்லை. கொங்குப் பக்கம் அசோசியேஷன் என்றால் சங்கம்தான். கோவையில் 1933இல் தொடங்கிய தென்னிந்திய மில்கள் சங்கமான 'சைமா', திருப்பூரில் 1990இல் தொடங்கிய ஏற்றுமதியாளர்கள் சங்கம் என்று ஊரே சங்கங்களால் ஓடுகிறது. சொல்லின் வேரும் அதைத்தான் சொல்கிறது. லத்தீனில் 'சோசியுஸ்' என்றால் கூட்டாளி. காலையில் பால் ஊற்றப் போகும் 'சொசைட்டி'யும் அந்த வேரில் முளைத்ததே.

கணினியில் கூட்டாளி யாருக்கு யார்? ஒரு வகைக் கோப்பும், அதைத் திறக்கும் செயலியும். கோப்பு மேலாளரில் ஒரு பெயரை இரண்டு முறை தட்டினால், அந்த மேலாளர் தானாக எதையும் படித்துக் காட்டுவதில்லை. 'இந்த வகைக் கோப்பு வந்தால் இந்தச் செயலியைக் கூப்பிடு' என்று கணினியில் எழுதிவைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து, வேலையைக் கைமாற்றிவிடுகிறது. அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் ஃபைல் அசோசியேஷன்.

இதில் பாதிச் சொல்லுக்குத் தமிழ் ஏற்கெனவே அருமையாக அமைந்திருக்கிறது. 'ஃபைல்' லத்தீனின் 'ஃபீலும்', அதாவது நூல், என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. காகிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த பழக்கத்தால் வந்த பெயர். நம் 'கோப்பு' கோத்தலிலிருந்து வந்தது. ஊசியில் நூல் கோப்பதும், ஓலைச்சுவடியின் துளையில் கயிறு கோப்பதும் அதே கோத்தல். இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே நூலைப் பிடித்திருக்கின்றன. 'கோவை'யும் இதே வேர்தான். இலங்கையில் 'சட்டக்கோவை' என்கிறார்கள். ஆனால் நம்ம ஊர்க் கோவை கோயம்புத்தூரின் சுருக்கம், இதோடு ஒட்டும் உறவும் கிடையாது. அப்புறம், கணபதிப் பக்கம் லேத் பட்டறையில் 'ஃபைலை எடு' என்றால் அரத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். அந்த ஃபைல் பழைய ஆங்கிலத்தின் வேறொரு சொல். எழுத்து மட்டும்தான் ஒன்று.

சிக்கல் மீதிப் பாதியில். 'இணைப்பு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. மின்னஞ்சலோடு வருவது இணைப்பு, சொடுக்கினால் வேறு பக்கம் போவது இணைப்பு, இன்டர்நெட்டும் இணைப்பு. 'இணைப்பில் வந்த இணைப்பின் இணைப்பு அறுந்துவிட்டது' என்றால் யாருக்கு என்ன புரியும்? 'தொடர்பு' பரவாயில்லை, ஆனால் பிடிமானம் இல்லாத சொல். 'தொடுப்பு' என்று திருப்பூர் அண்ணனிடம் சொன்னால் வீட்டில் கலவரம் ஆகிவிடும். பேச்சில் அதற்கு வேறு அர்த்தம்.

என் ஓட்டு 'பிணைப்பு'க்கு. தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இது புதுச் சொல்லே அல்ல. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், தீரும்போது, பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்குவதைப் பாவு பிணைப்பது என்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று விட்டுப்போனாலும் துணியில் தெரியும். பழைய தமிழில் மாலைக்கும் 'பிணையல்' என்று பெயர் உண்டு. கோர்ட்டில் ஜாமீனுக்குப் 'பிணை' என்கிறோம், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்பது. கோப்புக்காகச் செயலி பொறுப்பேற்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சொல்லை வைத்தே கோளாறையும் பிடிக்கலாம். பிணைப்பு விட்டால் இரண்டு பக்க இழையும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் அண்ணனை முதலில் வேர்டைத் தனியாகத் திறக்கச் சொன்னேன். அதற்குள்ளிருந்து 'ஓப்பன்' போய் அதே கோப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். திறந்துகொண்டது! கோப்பு கெடவில்லை, வேர்டும் கெடவில்லை. அவருடைய அக்கா மகன் ஏதோ ஒரு ஆபீஸ் செயலியைப் போட்டுப் பார்த்து, பிறகு நீக்கியிருக்கிறான். குறிப்பு மட்டும் அந்த நீக்கிய செயலியையே கைகாட்டிக்கொண்டிருந்தது. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' போய், வேர்டைக் காட்டி, எப்போதும் இதையே என்பதற்கான 'ஆல்வேஸ்' கொடுத்ததும் சரியானது. லினக்ஸிலும் வழி ஏறக்குறைய இதுதான். அங்கே குறிப்பு பெரும்பாலும் மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்ற சின்னக் கோப்பில் இருக்கும்.

அந்த 'ஆல்வேஸ்' விஷயத்தில் கவனம் வேண்டும். அவசரத்தில் நோட்பேடைக் காட்டி அதை அழுத்தியவர்கள் உண்டு. அப்புறம் எந்த வேர்டு ஆவணத்தைத் தட்டினாலும் 'பிகே' என்று தொடங்கிக் கிறுக்கல் கிறுக்கலாக வரும். டாக்எக்ஸ் என்ற வேர்டு ஆவண வகை உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது, அந்த இரண்டு எழுத்து ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல். கோப்பு போச்சு என்று அழித்துவிடாதீர்கள், பிணைப்பை மாற்றினால் போதும்.

சில நேரம் செயலி திறக்கும், ஆனால் வெறுமையாக நிற்கும். இது பாதிப் பிணைப்பு. செயலியைக் கூப்பிடும் கட்டளையில் கோப்பின் பெயர் வந்து உட்கார ஓர் இடம் விட்டிருப்பார்கள். விண்டோஸில் %1, லினக்ஸில் %f அல்லது %U. அது இல்லாவிட்டால் ஆள் வருவார், சரக்கு வராது. எக்செலில் இதே கூத்து நடந்தால், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'டிடிஇ'யை, அதாவது செயலிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் ஒரு வழியை, புறக்கணிக்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை, அதாவது பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை, பார்த்துத்தான் பிணைக்கிறது. எங்கள் வீட்டில் அதை 'பின்னாடி போடுற இனிஷியல்' என்போம். ஆனால் அதைப் பெரும்பாலும் மறைத்தே வைக்கிறது, எனக்குப் பிடிக்காத பழக்கம். இன்வாய்ஸ்.பிடிஎஃப் என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ, அதாவது தட்டினால் ஓடும் ஒரு செயலி, ஆக இருக்கலாம். எனவே 'வியூ'வில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிடுங்கள். பின்னொட்டை மாற்றி எழுதினால் கோப்பு மாறிவிடாது. பெயரை மாற்றினால் ஆள் மாறுவாரா?

செயலிக்கு உள்ளிருந்தும் திறக்கவில்லை என்றால் அது பிணைப்பின் குற்றமல்ல. பாதியில் நின்ற டவுன்லோடாக இருக்கலாம், அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதே நல்லது.

எழுதும்போது 'கோப்புப் பிணைப்பு' என்று ப் போட்டு எழுதுங்கள், வல்லினம் மிகும். வினையாகச் சொல்ல, 'பிடிஎஃபை இந்தச் செயலியோடு பிணை' எனலாம். திருப்பூர் அண்ணன் இப்போது, "பிணைப்பு விட்டுப்போச்சுங் தம்பி" என்றுதான் போன் செய்கிறார்.