தேன் அறிக்கையில் 'சாம்பல்' என்றால் என்ன?

தேனின் ஆய்வக அறிக்கையில் 'மொத்தச் சாம்பல்' என்று ஒரு வரி இருக்கும். அடுப்புச் சாம்பலைக் கலந்துவிட்டார்களோ என்று பதற வேண்டாம். தேனை உலையில் முழுக்க எரித்தபின் மிஞ்சும் தாதுக்கள்தான் அது, பெரும்பாலும் பொட்டாசியம். கறுத்த தேனில் பொதுவாக இது கூடுதல்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி சாம்பல் 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எரிக்காமலே தாதுவை அறிய மின்கடத்துதிறனையும் பார்ப்பார்கள். தாது கூடினால், தேன் கரைசலில் மின்சாரம் எளிதாகப் பாயும். பூத்தேன் என்றால் சென்டிமீட்டருக்கு 0.8 மில்லிசீமென்ஸுக்குள் இருக்க வேண்டும். அசுவினி போன்ற பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரிலிருந்து தேனீக்கள் செய்யும் தேனுக்கோ 0.8-க்குக் குறையக் கூடாது. ஆக, எந்த வகைத் தேன் என்று இந்த எண் காட்டிக்கொடுக்கும்.

சரி, கலப்படத்தையும் காட்டுமா? அங்கேதான் சிக்கல். சாம்பலுக்கு மேல்வரம்பு உண்டு, கீழ்வரம்பு கிடையாது. சர்க்கரைப் பாகில் தாது மிகக் குறைவு. அதை ஊற்றினால் சாம்பல் இன்னும் இறங்கும், தேனும் இந்தச் சோதனையில் ஜோராகத் தேறிவிடும்! அதனால் 'சாம்பல் அளவு சரி' என்று யாராவது அறிக்கையை நீட்டினால் மற்ற வரிகளையும் படியுங்கள். சி4 சர்க்கரை (கரும்பு, மக்காச்சோளப் பாகிலிருந்து வரும் சர்க்கரை) 7 சதவீதத்துக்குள், மகரந்தத் துகள்கள் கிராமுக்குக் குறைந்தது 5,000, புரோலின் என்ற அமினோ அமிலம் கிலோவுக்குக் குறைந்தது 180 மில்லிகிராம் இருக்க வேண்டும். அரிசிப் பாகு சி4 சோதனையில் சிக்காது. அதற்கென்று தனிச் சோதனைகள் உண்டு.

வாங்கிய தேனில் சந்தேகம் என்றால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். கட்டணம் கட்டி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே பரிசோதனைக்குக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டையில் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒரு நிபந்தனை: பரிசோதனைக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். வியாபாரிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. தேன் விதிமுறைப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அப்புறம், அந்த அறிக்கையை மேல்நடவடிக்கைக்காக உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலருக்கு அனுப்புவது பகுப்பாய்வாளரின் வேலை. நீங்கள் அலைய வேண்டியதில்லை.