கன்சாஸ் சிட்டியின் கால் சதவீத வரி: நீட்டிப்பு என்றால் என்ன?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கன்சாஸ் சிட்டியில் 100 டாலருக்குப் பொருள் வாங்கினால், அதன் மேல் விழும் விற்பனை வரியில் 25 சென்ட் பொதுப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கப்படுகிறது. ரசீதில் இது கண்ணில் படாது. மாநிலத்தின் 4.225 சதவீதம், கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) பங்கு, நகரத்தின் பங்கு எல்லாம் கூட்டி, அடியில் ஒரே தொகையாகத்தான் இருக்கும்.

இந்தக் கால் சதவீதத்துக்கு 2002ல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். இது நிரந்தர வரி அல்ல. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு தானாகவே முடிந்துவிடும். தொடர வேண்டுமானால் நகர மன்றம் மீண்டும் வாக்காளர்களிடம் வர வேண்டும், பாதிக்கு மேற்பட்டோர் சரி என்று சொல்ல வேண்டும். 2010ல் 15 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். அந்தக் கெடு 2026ல் முடிய இருந்த நிலையில், 2025 ஏப்ரல் 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் இன்னும் 20 ஆண்டுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

"புதிய வரி இல்லை, விகிதம் ஏறவில்லை" என்று நீட்டிப்பை ஆதரிப்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் வேண்டாம் என்று முடிவாகியிருந்தால் இந்தக் கால் சதவீதம் குறைந்திருக்கும் என்பதும் உண்மை. அரிசி, பால், காய்கறிக்கு மாநிலம் 1.225 சதவீதம்தான் வாங்குகிறது. உள்ளூர் வரிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. சம்பளத்தில் பெரும்பகுதியை மளிகைக்கே செலவழிக்கும் குடும்பத்துக்கு, சின்ன வரியும் வருமானத்தில் கூடுதல் பங்கைத் தின்றுவிடும்.

பணம் எதற்குப் போகிறது என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இது கட்டடம், கருவி, வாகனம் போன்ற மூலதனச் செலவுகளுக்கான வரி. 27ஆம் தெருவும் பிராஸ்பெக்ட் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் உள்ள கிழக்குப் பகுதிக் காவல் நிலையமும் தடயவியல் ஆய்வகமும் இந்தப் பணத்தில் எழுந்தவை. அந்த வளாகத்துக்காக அங்கிருந்த வீடுகளை நகரம் வாங்கி இடித்தது. பாதுகாப்புக்கென்று கட்டப்பட்ட கட்டடம், அங்கே குடியிருந்தவர்களை வேறு இடம் தேட வைத்தது. வாக்குச்சீட்டில் ஒற்றை வரியாக வரும் செலவு தெருவில் இறங்கும்போது இவ்வளவு பெரிதாகிவிடுகிறது.

2025 வாக்கெடுப்பில் இன்னொரு விஷயமும் சேர்ந்தது: புதிய நகரச் சிறை. கன்சாஸ் சிட்டி தன் சொந்தச் சிறையை 2009ல் மூடியது. அதன்பின் 2019 வரை ஜாக்சன் கவுன்ட்டிச் சிறையில் இடம் கிடைத்தது. அந்த ஏற்பாடு முடிந்ததும் கைதிகளை ஜான்சன், வெர்னன் கவுன்ட்டிகளுக்கு அனுப்பினார்கள். வெர்னன் கவுன்ட்டியின் தலைநகரான நெவாடா என்ற ஊர் சுமார் 100 மைல் தெற்கே இருக்கிறது. நகர நீதிமன்றம் விசாரிப்பவை சிறு குற்றங்கள். அதற்காக உள்ளே இருப்பவரைப் பார்க்க, கார் இல்லாத தாய் அவ்வளவு தூரம் எப்படிப் போவார்? சிறை வேண்டும் என்றவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பணத்தை வீட்டு வசதிக்கும் மனநல சிகிச்சைக்கும் செலவிட்டால் சிறையே இவ்வளவு தேவைப்படாது என்று எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது.

என் மனக்குறை வேறு. ஆம்புலன்ஸ் வேண்டும், சிறை வேண்டாம் என்று நினைத்தவருக்கு வாக்குச்சீட்டில் இடமே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆம், ஒரே இல்லை. கன்சாஸ் சிட்டிக் காவல் துறையை நடத்துவது மாநில ஆளுநர் நியமிக்கும் ஆணையம். மேயருக்கு அதில் ஓர் இடம் மட்டுமே. அப்படிப்பட்ட ஊரில் மக்கள் நேரடியாகக் கருத்துச் சொல்லக் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது. அதைத் தனித்தனிக் கேள்விகளாகக் கேட்டிருக்க வேண்டும்.

வாக்களிக்க 18 வயது நிறைந்த குடிமகனாக இருக்க வேண்டும்; தேர்தலுக்கு முந்தைய நான்காவது புதன்கிழமைக்குள் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்கள் வரி கட்டுவார்கள், வாக்களிக்க முடியாது. ஆனால் வசூலான பணத்தில் எதை எப்போது கட்டுவது என்பது நகர மன்றத்தின் முன் வரும். மன்றக் குழுக்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் நாளில் அவர்களும் எழுந்து பேசலாம்.