அக்கெட்டன் இரும்புச் சட்டை அல்ல

மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் வேலை. போன வருடம் வந்த ஒரு நாவலில், மழையில் நனைந்து வந்த படைவீரன் 'தண்ணீர் குடித்துக் கனத்துப்போன இரும்புச் சட்டையைக் கழற்றி' நெருப்போரம் காயப் போடுகிறான். இரும்பு எப்படித் தண்ணீர் குடிக்கும்? மூலத்தைப் புரட்டினேன். அங்கே இருந்த சொல் அக்கெட்டன்.

அது இடைக்கால ஐரோப்பியப் படைவீரர்களின் உடுப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடும். அரபியில் பருத்திக்குக் 'குத்ன்' என்று பெயர். முன்னால் 'அல்' சேர்ந்தால் 'அல்குத்ன்'. ஆல்கஹால், அல்ஜீப்ராவில் இருக்கிற அதே 'அல்'தான். ஸ்பெயின் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கும், அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போவதற்குள் பஞ்சின் பெயர் சட்டைக்கே பெயராகிவிட்டது. நாம் கடையில் கேட்கும் காட்டனும் இந்தக் குத்ன் வழி வந்ததுதான்.

இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சையோ பழந்துணியையோ திணித்து, அது ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க மேலிருந்து கீழாக வரிவரியாகத் தைப்பார்கள். இரும்பு வளையச் சட்டை வாளின் கூரைத் தடுக்கும். ஆனால் அடியின் வேகம் எலும்பை உடைத்துவிடும். அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளத்தான் அடியில் இந்தப் பஞ்சுச் சட்டை. வசதியில்லாத காலாட்படை வீரருக்குப் பல நேரம் இது மட்டும்தான் காப்பு.

தைத்து மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? 1322இல் லண்டன் கவசத் தொழிலாளர்களுக்கு வந்த விதி, பட்டு மேலுறை போட்ட அக்கெட்டனுக்குள் புதுப் பருத்தித் துணி, பஞ்சு, பழைய பட்டு ஆகியவற்றைத்தான் வைக்கலாம் என்றது. உயிர் போகிற விஷயம் அல்லவா.

இதன் நெருங்கிய உறவு கேம்பசன் என்னும் இன்னொரு திணித்துத் தைத்த சட்டை. அந்தப் பெயர் வேறு வழியில் வந்தது: பழைய ஜெர்மன் மொழியில் வயிற்றைக் குறிக்கும் 'வம்பா' அதற்கு மூலம். 1181இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி போட்ட ஆயுதச் சட்டம், நகரவாசிகளும் மற்றச் சுதந்திர மனிதர்களும் இதை வைத்திருக்க வேண்டும் என்றது.

மொழிபெயர்க்கும் நண்பர்களே, உடுப்பின் பெயர் வந்தால் பொருள் அகராதியோடு நிறுத்தாதீர்கள். சொற்பிறப்பு அகராதியையும் பாருங்கள். அப்புறம், அந்த உடுப்பைப் பாத்திரம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நனைகிறதா, கிழிகிறதா, ஊசி போட்டுத் தைக்கிறார்களா?

அந்த நாவலில் முதல் இடத்தில் 'அக்கெட்டன் என்னும் பஞ்சடைத்த சட்டை' என்றும், பிறகு 'பஞ்சுச் சட்டை' என்றும் மாற்றினேன். இப்போது அது நன்றாகவே தண்ணீர் குடிக்கிறது.