மழை பெய்யாத காலையில் சொட்டும் காடு

நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குப் போகும் பஸ்ஸில், சீதா எலிய அம்மன் கோயிலைத் தாண்டி ஹக்கலை தாவரவியல் பூங்காவில் இறங்கியபோது காலை எட்டு மணி இருக்கும். ரோஜாத் தோட்டத்தில் கூட்டம் சேருமுன் மரப்பன்னங்களுக்கு நடுவே போய் நின்றேன். எங்கும் பனிமூட்டம். மழை இல்லை, வெட்டவெளியில் பாதை காய்ந்தே கிடந்தது. மரங்களின் அடியில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த மூட்டத்திலிருந்து மரங்கள் அப்போதுதான் பிடித்த தண்ணீர் அது.

கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் விரிந்து, 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வீதம் குளிர்ந்து, ஒரு கட்டத்தில் நீராவி நுண்துளிகளாகிவிடுகிறது. ஹக்கலை ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழே இருப்பவர்கள் மேகம் என்று அண்ணாந்து பார்ப்பது இங்கே நம் முகத்தில் படுகிறது.

அந்தத் துளியின் குறுக்களவு 0.02 மில்லிமீற்றர் அளவுதான். காற்றசைவே இல்லாதபோதும் செக்கனுக்கு 1 சென்ரிமீற்றர்தான் கீழிறங்கும். இலேசாகக் காற்றடித்தால் மிதந்து போய்விடும். 2 மில்லிமீற்றர் மழைத்துளி ஒன்றுக்கு அப்படிப்பட்ட 10 இலட்சம் துளிகள் வேண்டும். அவற்றைச் சேர்த்துக் கொடுப்பது காடு.

அகன்ற தடை ஒன்று எதிர்ப்பட்டால் காற்று முன்கூட்டியே வளைந்து விலகும். துளிகளும் கூடவே போய்விடும். மெல்லிய நாரைச் சுற்றியோ காற்று சட்டென்று வளைய வேண்டியிருக்கிறது. காற்றைவிடப் பாரமான துளியால் அவ்வளவு விரைவாகத் திரும்ப முடியாது. நேரே போய் நாரில் ஒட்டிக்கொள்கிறது. பாசி, கிளைகளில் தாடிபோல் தொங்கும் லைக்கன், பன்னத்தின் கீற்று எல்லாமே இப்படிப்பட்ட நார்கள்தான்.

தாழ்ந்த கிளையொன்றின் பாசியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். மணி மணியாக நீர். ஒன்று பக்கத்திலிருந்ததைத் தொட்டதும் இரண்டும் ஒன்றாகிப் பருத்து, நுனிக்கு வழிந்து, தொங்கி, என் விரலில் விழுந்தது. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. பெரும்பாலும் ஒரே கலத் தடிப்புள்ள இலையாலேயே குடிக்கிறது. மிஞ்சியதைத்தான் கீழே விடுகிறது.

1861இல் இந்தப் பூங்கா தொடங்கியதே மலேரியா மருந்தான குயினைனுக்காகச் சின்கோனா வளர்த்துப் பார்க்கத்தான். பிறகு மலைநாட்டின் பெருங்காடுகள் தேயிலையாயின. இடுப்பளவில் கவ்வாத்து வெட்டி நிறுத்திய தேயிலைச் செடியில் தாடியும் இல்லை, மூட்டத்துக்குள் நீட்ட உயரமும் இல்லை.

நான் பிறந்த, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்கு மேலே ஒரு துண்டுக் காடு இருந்தது. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி மாசியிலும் வற்றாது. "மேல காடு குடிச்சுட்டு நமக்கு விடுது" என்பார் அப்பாயி. மழையைப் பிடித்து வைக்கும் காட்டு மண்ணுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. மழையில்லாத மாதங்களில் பனிமூட்டம் தந்த பங்கு ஹக்கலையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் காட்டை வெட்டிய பின் வந்த மாசியில், விடியுமுன்னே பீலிக்கரையில் குடங்கள் வரிசையாக நின்றன. அப்பாயியின் குடமும் அதில் இருந்தது.