அப்போஸ்டில்: ஒப்பத்துக்கு ஒரு சான்று

வெளிநாட்டில் படிக்கவோ பணியில் சேரவோ செல்பவர், பட்டச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்கியதுமே காதில் விழும் சொல் ‘அப்போஸ்டில்’. ஆவணத்திலுள்ள ஒப்பமும் முத்திரையும் உரியவருடையவையே என்று வெளிநாட்டாருக்கு அரசு தரும் சான்று அது. அதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்லலாம்? ‘அப்போஸ்டைல்’ என்று சொல்வோரும் உண்டு. இது பிரெஞ்சுச் சொல். ஏசுவின் சீடரைக் குறிக்கும் ‘அப்போஸ்தலர்’ என்ற கிரேக்க வழிச் சொல்லோடு இதற்கு உறவில்லை.

இடைக்கால இலத்தீனில் ‘போஸ்டில்லா’ என்றால், மறைநூல் பாடத்தை அடுத்து எழுதப்படும் விளக்கக் குறிப்பு என்று பொருள். ‘அச்சொற்களுக்குப் பின்’ எனப் பொருள்படும் ‘போஸ்ட் இல்லா’ என்ற தொடரே இதன் வேர் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் விளக்கம். பிரெஞ்சுக்கு வந்தபோது அது ஆவணத்தின் ஓரத்திலோ அடியிலோ சேர்க்கும் குறிப்பாயிற்று. ஓர் ஆவணம் பல அலுவலகங்களையும் தூதரகத்தையும் கடந்து மேலொப்பம் பெறவேண்டியிருந்த நெடுவழியைக் குறுக்குவதற்காக 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான உடன்படிக்கை, இச்சொல்லையே ஒரு சான்றின் பெயராக்கியது. இந்தியாவில் அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது. வழங்குவது வெளியுறவு அமைச்சகம்.

உடன்படிக்கை கூறும் மாதிரிப்படி அப்போஸ்டில் என்பது ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 செ.மீ. நீளமுள்ள ஒரு சதுரம்; அதில் எண்ணிட்ட 10 வரிகள். எந்த நாட்டு ஆவணம், ஒப்பமிட்டவர் யார், எந்தப் பதவியில் இருந்து ஒப்பமிட்டார், யாருடைய முத்திரை என்பவை முதல் நான்கு. வழங்கிய இடம், நாள், அதிகாரி, வரிசை எண், முத்திரை, ஒப்பம் ஆகியவை எஞ்சிய ஆறு. நம் ஊரில் பெரும்பாலும் சான்றிதழின் பின்புறத்தில் ஒட்டுவில்லையாக இதைக் காணலாம். ஓரக்குறிப்பு என்ற பழைய பொருள் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

இந்தப் பத்து வரிகளில் ஒன்றுகூட ஆவணத்தின் உள்ளடக்கம் உண்மை என்று சொல்வதில்லை என்பதே தமிழாக்கத்தில் நாம் மறக்கக் கூடாதது. ஒப்பம், பதவி, முத்திரை ஆகிய மூன்றுக்கு மட்டுமே அது பொறுப்பேற்கிறது. ஆகவே ‘மெய்ச்சான்று’ என்பது மிகைபடக் கூறலாகிவிடும். ‘சான்றொப்பம்’ நல்ல சொல்தான். ஆனால் நகலில் அதிகாரி இடும் ஒப்பத்துக்கு அது ஏற்கெனவே வழங்கிவருகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளின் முடிவில் ‘இவை இன்னார் எழுத்து’ என்றும் ‘இப்படி அறிவேன்’ என்றும் பொறித்தார்களே, அந்த ‘எழுத்து’ இன்றைய ஒப்பம். அதற்கு அளிக்கும் உறுதி என்பதால் ‘ஒப்புறுதி’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதல்முறை எழுதுகையில் ‘ஒப்புறுதிச் சான்று’ என விரித்துக்கொள்ளலாம்.

ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் போல உடன்படிக்கையில் சேராத நாடுகளுக்கு இச்சொல் பொருந்தாது. அங்கே அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரை வரை போயாக வேண்டும். அதனைத் ‘தூதரகச் சான்றுறுதி’ என்று தனியே வழங்குவதே தெளிவு.